நாய்க்குப் போட்ட ஈரல்

அன்றைக்குக் கருப்பு கோவிலில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் அண்ணன் சோணைமுத்து மாமா இருந்தார். அக்கா வீட்டுக்காரர் குமார் மச்சான், பங்காளி வீட்டு ஆட்கள், பூசாரி, கல்லடுப்பை ஊதிக்கொண்டிருந்த சமையல்காரர், அக்காவின் நான்கு வயது மகள் யாழினி என்று எல்லாரும் இருந்தார்கள். எங்கள் வீட்டு நாய் செவலையும் இருந்தது.

அக்கா இல்லை. யாருக்காகக் கிடா வெட்டினோமோ, அந்தச் செல்வி அக்கா மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். வியாழக்கிழமை அவள் ஈரலில் கத்தி வைக்கப் போகிறார்கள். அது நல்லபடியாக முடிய வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமையே கருப்புக்கு நேர்த்தி.

எங்கள் ஊர் ஒத்தக்கடையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே. புது வீட்டு மனைகளுக்குக் கல் நட்டு நட்டு வந்தவர்கள் கோவிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள். கோவில் என்றால் ஒரு வேப்பமரம், நான்கு அரிவாள், ஒரு மேடை. அவ்வளவுதான்.

கிடா உரிப்பதில் மாமா கெட்டிக்காரர். மரக்கிளையில் தொங்கிய கிடாவின் வயிற்றை அவர் கீறியதும் ஆவி பறந்தது. குடலை அலுமினியச் சட்டியில் சரித்துவிட்டு ஈரலை வெளியே எடுத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இங்க பாருங்கடா, ஈரல்ல தண்ணி கோத்துருக்கு."

எட்டிப் பார்த்தேன். ஈரலின் ஓரத்தில் வெள்ளைக் கொப்புளங்கள். தோல் உரித்த நுங்குச் சுளை போல, உள்ளே தண்ணீர் தளும்ப, பளபளவென்று இருந்தன. இதே உருண்டையைக் கறுப்பு வெள்ளையில் நான் பார்த்திருக்கிறேன். அக்காவின் ஸ்கேன் படத்தில்.

மாமா அந்த இடத்தை மட்டும் வளைத்து அறுத்தார். நல்ல ஈரல் சட்டிக்குப் போனது. கெட்டது காற்றில் பறந்தது.

"இந்தாடா செவலை!"

"கடிக்காது டாக்டரம்மா"

அக்காவுக்கு வயிற்று வலி வந்து வருசக்கணக்கு ஆகிறது. வலது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது என்பாள். மெயின் ரோட்டில் இருக்கும் கிளினிக்கில் வாயு என்றார்கள். மாத்திரை தந்தார்கள். மறுபடி போனால் மறுபடி வாயு. அந்த டாக்டர் ஒரு நாளும் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே வாயு என்று கண்டுபிடிக்கிற ஞானம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. பெண்பிள்ளை வயிற்று வலி என்றால் ஒன்று வாயு, இல்லையென்றால் மாதவிலக்கு. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யோசிக்கவே யாருக்கும் நேரமில்லை.

கடைசியில் வலது பக்கம் மேடாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எங்கள் யாருக்கும் புரியவில்லை.

"வீட்டுல நாய் இருக்காம்மா?"

"இருக்கு. கடிக்காது டாக்டரம்மா" என்றாள் அம்மா.

"ஆடு?"

"எட்டு உருப்படி கெடக்கு. இவுக அப்பாதான் மேய்க்கிறாரு."

"ஆடு அறுக்கும்போது ஈரல்ல தண்ணிக் கட்டி பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? அதெல்லாம் நாங்க திங்க மாட்டோம் டாக்டரம்மா. சுத்தபத்தமா அந்த எடத்த அறுத்து நாய்க்குப் போட்டுருவோம்."

அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். எங்களைக் கண்டதையும் தின்கிறவர்கள் என்று டாக்டரம்மா நினைத்துவிடக் கூடாதே என்கிற பெருமை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவரா? நல்லாக் கேட்டுக்கங்க. வீட்டுல போய் நீங்கதான் சொல்லணும்."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆட்டு ஈரலில் இருக்கிற அந்தத் தண்ணிக் கட்டிக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கின்றன. நாய் அதைத் தின்றால் அவை நாயின் குடலில் ஒட்டிக்கொண்டு எள்ளளவுப் புழுக்களாக வளர்கின்றன. நாய்க்கு ஒன்றும் செய்வதில்லை. அது பாட்டுக்கு வாலாட்டிக்கொண்டு திரியும். ஆனால் அதன் மலத்தோடு புழு முட்டை வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத முட்டை. புல்லில், மண்ணில், கீரையில், நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். புல்லைத் தின்கிற ஆட்டின் ஈரலில் மறுபடி கட்டி வரும். நாயைத் தடவிய கையோடு சோறு தின்கிற மனுசனுக்கும் வரும். வருசக்கணக்கில் சத்தம் போடாமல் வளரும். உள்ளேயே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

"அவ ஈரலே தொட மாட்டாளேம்மா, சின்னப் புள்ளையில இருந்தே" என்று அம்மா அழுதாள்.

"ஈரலைத் தின்னதால வரலம்மா. நாய் தின்னதால வந்தது."

வெளியே வந்ததும் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "இனிமே செல்விக்குக் கறியே குடுக்கக் கூடாது." அம்புட்டு நேரம் டாக்டரம்மா தொண்டை வறளச் சொன்னதில் அம்மாவுக்குள் போனது அதுதான்.

முதல் பட்டதாரி வரைந்த படம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குவதற்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பாவோடு உட்கார்ந்து கிடந்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இப்போது கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரச் சோதனையில் இருக்கிறேன். மூடியில் கீறல் இருக்கிறதா, விளிம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

நாடாப்புழுவைப் பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு நன்றாகத் தெரியும். அதன் வாழ்க்கைச் சுழற்சியைக் கலர் பென்சிலால் வரைந்து முழு மார்க்கு வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்தில் ஒரு பன்றி இருந்தது, ஒரு மனிதன் இருந்தான், நடுவில் அம்புக்குறிகள் இருந்தன. நாய் இல்லை. பூனை தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கினால் அதற்கும் ஒரு வகை நாடாப்புழு வரும் என்பது இல்லை. தெருவில் திரியும் கறி தின்னி ஒவ்வொன்றின் குடலிலும் அதற்கென்று ஒரு புழு குடியிருக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

வாத்தியார் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "உங்க வீட்டுல ஆடு அறுத்தா அந்த ஈரலை என்னடா பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கலாம். வகுப்பில் பாதிப் பேர் ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள். ஒரே குரலில் பதில் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை. புழுவின் தலையில் எத்தனை கொக்கி என்று மனப்பாடம் செய்துவிட்டு, அந்தப் புழுவை வயிற்றில் வைத்திருந்த நாயைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்காகப் படித்தோம்?

"மனுசனுக்கா போடச் சொல்ற?"

டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் கறிக்கடைப் பக்கம் சாதாரணமாகப் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் ரோட்டில் நடந்தால் போதும். ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் நாய்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். சண்டை கிடையாது, குரைப்பு கிடையாது. ரேசன் கடையில் நாம்கூட அப்படி ஒழுங்காக நிற்பதில்லை. அவற்றுக்குத் தெரியும், வரும் என்று.

ஒரு கடையில் என் கண் முன்னாலேயே கடைக்கார அண்ணன் ஈரலில் ஒரு துண்டை அறுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் எறிந்தார். கீழே விழவில்லை. ஒரு நாய் எம்பிக் கவ்வியது.

"அண்ணே, அதை ஏன் நாய்க்குப் போடுறீங்க?"

"தண்ணி விழுந்த ஈரல் தம்பி. நாய்க்குப் போடாம மனுசனுக்கா போடச் சொல்ற?"

"ஒரு டப்பாவுல போட்டு வச்சுப் பொதைக்கலாமுல்லண்ணே?"

"எங்கிட்டுப் பொதைக்க? இந்தக் கடைக்கு முன்னாடி சாக்கடை, பின்னாடி பிளாட்டு. குப்பை வண்டிக்காரன் கறிக் கழிவைத் தொட மாட்டேங்குறான்." கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற கடையில போய்ப் பாரு, கட்டியோட சேத்து எடை போட்டுக் குடுப்பான். நான் அறுத்து எறியுறேன். நான் நல்ல யாவாரி தம்பி."

பொய் இல்லை. அவர் நல்ல யாவாரிதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் அம்மா சுத்தக்காரி. மாமா ஒரு துண்டு கெட்ட கறியைப் பந்தியில் சேர்க்க மாட்டார். கெட்டதை மனுசனுக்குக் கொடுக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணமும், வாயில்லாத ஜீவன் தின்னட்டுமே என்கிற இரக்கமும் சேர்ந்துதான் என் அக்காவின் ஈரலில் தேங்காய் அளவுக்குக் கட்டியை வளர்த்தன. கெட்டவன் செய்த காரியம் என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இதில் யார் சட்டையைப் பிடிப்பது?

கறிக் கழிவுக்கு ஒரு குழி வெட்டித் தராதவர்கள் சட்டையைப் பிடிக்கலாம். அவர்கள் கையில் சிக்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.

செவலைக்கு ஒரு மாத்திரை

நான் சும்மா இருக்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து உண்டு என்றார்கள். நாய்க்கு?

"வெளியில வாங்கிக்கங்க தம்பி. நாடாப்புழுவுக்குத் தனி மாத்திரை."

"ஊர்ல நாப்பது நாய் இருக்குமே சார்?"

"அதுக்கு ஓனர் யாரு? யாரு பேர்ல மருந்து எழுத?"

நாய்க்கு ஓனர் இல்லை. அது போடுகிற முட்டைக்கும் ஓனர் இல்லை. கட்டிக்கு மட்டும் பெயர், வயது, வார்டு, கட்டில் நம்பர் எல்லாம் உண்டு.

மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கினேன். மொத்தம் நூற்று இருபது ரூபாய். ஒன்று உடனே, இன்னொன்று பிறகு. முதல் மாத்திரையைக் கருவாட்டுத் தலைக்குள் வைத்துச் செவலைக்குக் கொடுத்தேன். மாத்திரை போட்டதும் செத்த புழுவோடு முட்டைகளும் கொட்டும், அதனால் இரண்டு நாள் கட்டிப்போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கட்டிப்போட்டேன். அது கிடந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன்.

"நாய்ப் பீயை எரிக்கிறதுக்கா காலேசுக்கு அனுப்புனோம்?" என்று அப்பா சிரித்தார். அவர் கேலியாகச் சொன்னாலும் செவலைக்குத் தண்ணீர் வைத்தது அவர்தான். ஆட்டுப்பட்டிக்கு இரவெல்லாம் காவல் கிடக்கிற நாய் அது. அப்பாவுக்கு அது ஒரு கை மாதிரி.

யாழினிக்கு அது தலையணை. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அந்தப் பிள்ளை செவலையின் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்கியது. முத்தம் கொடுக்கும். அது தின்ற பிஸ்கட்டில் மிச்சத்தைப் பிடுங்கித் தின்னும். நான் கத்துவேன். "மாமா ரொம்ப வையிறாரு" என்று செவலையின் காதிலேயே போய்க் கோள் சொல்லும்.

டாக்டரம்மா வீட்டில் எல்லாரையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். முக்கியமாகக் குழந்தையை. மச்சான் இழுத்துக்கொண்டே இருந்தார். "மொதல்ல உங்க அக்கா எந்திரிச்சு வரட்டும் மாப்ள. அடுத்தடுத்து என் தலையில போடாத." பயம் அவருக்கு. தெரியாமல் இருந்தால் இல்லாமல் இருக்கும் என்கிற பயம்.

சரி, குழந்தையை அப்புறம் பார்ப்போம், நாயாவது சுத்தமாயிற்றே என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி பதினைந்து நாள் இருந்தது. அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கொப்புளம் விழுந்த ஈரல், "இந்தாடா செவலை."

இரண்டு தாய்மாமன்கள்

நான் ஓடினேன். செவலை கவ்விவிட்டது. தாடையைப் பிடித்து, பல்லுக்கு நடுவில் விரலை விட்டு இழுத்தேன். கொப்புளம் உடைந்து தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. பாதித் துண்டுதான் என் கைக்கு வந்தது. மீதி அதன் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"ஏய் தம்பி, விடு!" என்று பூசாரி அதட்டினார். "அது கருப்பன் நாய் பங்கு. வாயில விழுந்ததைப் புடுங்கக் கூடாது."

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம். கருப்புக்கு நாய்தான் துணை. அதனால் கிடாவில் மனுசன் வாய் வைப்பதற்கு முன்னால் நாய்க்கு ஒரு துண்டு போட வேண்டும். என்ன துண்டு என்று சாமி சொல்லவில்லை. நம் ஆட்கள்தான் ரொம்பக் கணக்காக, எது கழிவோ அதை நாய் பங்கு ஆக்கிவிட்டார்கள்.

"பங்குன்னா நல்ல ஈரலைப் போடுங்க. வேக வச்சுப் போடுங்க. சாமி நாய்க்கு நோவு புடிச்சதையா போடுவீங்க?" என்றேன்.

பங்காளி ஒருத்தர், "நல்ல ஈரல் என்ன வெலை விக்குதுன்னு தெரியுமாடா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. கத்தியோடு திரும்பினார். "மொதப் பட்டதாரி பேசுறாரு, எல்லாரும் கேளுங்கப்பா. ஏன் மாப்ள, எங்க அப்பன் பாட்டன் எல்லாம் இதை நாய்க்குப் போடாமத் தலையிலயா சொமந்தாங்க?"

"அவுகள்ல எத்தனை பேரு வயித்து வலின்னு படுத்துச் செத்தாகன்னு யாரு கண்டா மாமா? அக்கா வயித்துல இருக்குறது இதுதான். இதே கட்டிதான். அவளுக்காக வெட்டுன கிடாவுல இருந்தே எடுத்து, அவ மக படுத்துத் தூங்குற நாய்க்குப் போடுறீங்க!"

"நாய் தின்னா மனுசனுக்கு எப்படிடா வரும்? பைத்தியக்காரப் பேச்சு!"

"டாக்டர் சொன்னாங்க."

"உனக்கு டாக்டர் பெருசா, நான் பெருசா? உனக்குத் தாய்மாமன்டா நான். என் மடியில உக்காந்துதான் காது குத்துன. என் வேட்டியிலதான் மோண்ட!"

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "நான் யாழினிக்குத் தாய்மாமன். அவளுக்கு வர்ற மாசியில என் மடியில வச்சுத்தான் காது குத்தணும். அதுக்கு அவ நல்லா இருக்கணும். என் மருமகளுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. உங்களுக்கு என்கிட்ட எம்புட்டு உரிமையோ, எனக்கு அவகிட்ட அம்புட்டு!"

பாடப் புத்தகத்தைக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள். தாய்மாமன் உரிமையைப் பேசினால் எங்கள் ஊரில் சிரிக்க முடியாது.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நிறுத்தவில்லை. கையிலிருந்த துண்டைச் சோறு வெந்துகொண்டிருந்த அடுப்புக்குள் வீசினேன். மண்ணில் சிதறிய கொப்புளத் துணுக்குகளையும் அள்ளிப் போட்டேன். சுர்ரென்று பொங்கித் தீய்ந்த நாற்றம் எழுந்தது.

"அடப்பாவி, சாமி சோத்து அடுப்புடா!" என்று சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

மாமா கத்தியைத் துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் போறேன்." அப்பா அவர் கையைப் பிடித்தார். அவர் உதறிவிட்டு வண்டியை உதைத்தார். அவரோடு இன்னும் சில பேர் கிளம்பினார்கள். அம்மாவின் அண்ணன் கை நனைக்காத பந்தி.

"உங்க அக்கா அங்க உசுருக்குக் கெடக்கா. இங்க நீ சாமி அடுப்பைத் தீட்டாக்கிட்ட. வியாழக்கெழமை அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." அம்மா முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே இருந்த எல்லார் முகத்திலும் மீதி வாக்கியம் எழுதியிருந்தது.

மரத்தடியில் யாழினி செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. நான் பிரித்து இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டேன். ஓவென்று அழுதது.

திராட்சை

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை உடையாமல் எடுத்தார்கள். அதற்கு முன்னால் பல வாரம் மாத்திரை கொடுத்து அதைச் சாகடித்து, மணிக்கணக்கில் நின்று எடுத்தது அந்தத் தூக்கமில்லாத டாக்டரம்மா. ஊரில் பெயர் வாங்கியது யார் தெரியுமா? பூசாரி. "கருப்பன் பொறுத்துக்கிட்டான். இல்லாட்டி அன்னைக்கு நடந்த கூத்துக்கு..." என்று டீக்கடையில் சொன்னாராம்.

அக்கா வீட்டுக்கு வந்தபிறகு டாக்டரம்மா விடவில்லை. அடுத்த தடவை வரும்போது குழந்தையோடுதான் வர வேண்டும் என்று மச்சானிடமே சொல்லிவிட்டார். கூட்டிப் போனோம். ஸ்கேன் அறையில் யாழினி கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தது. வயிற்றில் தடவிய பசை சில்லென்று இருந்ததாம்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேன் டாக்டரின் கை ஓர் இடத்தில் நின்றது. போனது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

ஈரலில் ஒன்று. திராட்சைப் பழம் அளவு.

கத்தி வேண்டாம், மாத்திரையிலேயே சுருங்க வாய்ப்பு இருக்கிறது, மாதக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார்கள். மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா சட்டையை இழுத்துவிட்டு, குழந்தையின் வயிற்றில் இருந்த பசையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பசை போன பிறகும் துடைத்தாள்.

இது அன்றைக்குப் போட்ட ஈரலால் வந்தது அல்ல. எப்போதோ, யாரோ, நல்ல மனசோடு நாய்க்குப் போட்ட ஏதோ ஒரு துண்டால் வந்தது. அதனால் என் கோபம் குறையவில்லை. கூடியது.

சாக்கு

ஒரு விசயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. செவலை விழுங்கிய துண்டில் இருந்த குஞ்சுகள் புழுவாகி முட்டை போட ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் இரண்டாவது மாத்திரையைக் கொடுத்துவிட்டால் போதும். வார லீவில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கட்டிப்போடலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை கப்பலூரிலிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மாமாவின் வண்டி. சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக வந்திருக்கிறார். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மாமா இறங்கிய குரலில், "வா மாப்ள. நீ சொன்னது சரிதான். புள்ளைக்கும் வந்துருச்சாமுல்ல. கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு எறங்கல" என்றார்.

உண்மையாகவே சந்தோசப்பட்டேன், ஒரு நிமிசம்.

"அதான் வெரசா வந்து சோலியை முடிச்சுட்டேன். இனிமே கவலைப்படாத."

"எந்தச் சோலி மாமா?"

"நாயைச் சாக்குல கட்டி வண்டியில வச்சுக் கொண்டுபோய் விட்டுட்டேன். திரும்பி வராது."

"எங்க விட்டீங்க?"

"மாட்டுத்தாவணியில. பூ மார்க்கெட்டுக்குப் பின்னாடி. அங்கதான் நாலு கறிக்கடை இருக்கு, அது பாட்டுக்குத் தின்னு பொழைச்சுக்கிரும்."

பூ மார்க்கெட்டில் பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே குழந்தைகள் படுத்துத் தூங்குகின்றன. நாரைப் பல்லால் கடிக்கிறார்கள். கட்டிய கையோடு இட்லி தின்கிறார்கள்.

"வயித்துல புழுவோடயா மாமா? மாத்திரை குடுக்காமயா?"

"எங்கயோ போகுது, நமக்கென்ன? நம்ம புள்ளைக்கு வராம இருந்தாச் சரி."

"அதுவும் யாரோ பெத்த புள்ளைதான் மாமா!"

"இவன்கிட்டப் பேசி முடியாதுடியம்மா" என்று மாமா அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தார். அம்மா, "நாயே வேணாம்னுதானடா நீயும் கத்துன?" என்றாள். நான் எந்தக் காலத்திலும் நாய் வேண்டாம் என்று சொன்னதில்லை. நாய்க்கு அந்த ஈரல் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என் வீட்டுக்கே என்னால் புரியவைக்க முடியவில்லை. அப்பா பட்டியில் ஆடுகளுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாக்கின் வாயை விரித்துப் பிடித்ததே அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே பஸ் ஏறினேன். பூ மார்க்கெட்டைச் சுற்றி, கறிக்கடைகளுக்குப் பின்னால், பஸ் நிற்கிற வரிசைகளுக்கு இடையில் எல்லாம் தேடினேன். செவலை, செவலை என்று கூப்பிட்டேன். சிவப்பாக ஆறேழு நாய்கள் இருந்தன. எல்லாமே வாலாட்டின. எதுவும் எங்களுடையது இல்லை. மறுநாளும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். கிடைக்கவில்லை.

எங்கள் பட்டிக்கு இப்போது மாமாவே ஒரு குட்டி கொண்டுவந்து விட்டிருக்கிறார். வெள்ளைக் கலர். கோவிலில் அடுத்த கிடா வெட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. குழி வெட்டுவது பற்றிப் பூசாரியிடம் கேட்டேன். "வம்சத்துல இல்லாத பழக்கம்" என்றார். யாழினிக்குக் காதுகுத்து தள்ளிப் போய்விட்டது. மாத்திரை முடிந்து ஸ்கேனில் அந்தத் திராட்சை சுருங்கியது தெரிந்த பிறகுதான் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் போனதால் அதற்குச் செலவில்லை. வருசக்கணக்கில் வாயுவுக்குத் தின்ற மாத்திரை, ஸ்கேன், ஆட்டோ, அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்து மச்சான் இழந்த சம்பளம், அடகில் மூழ்கிய அக்காவின் சங்கிலி, கிடா, பாதிப் பேர் எழுந்து போன பந்தி, யாழினிக்கு இதுவரை வாங்கிய மருந்து, எல்லாம் சேர்ந்தது ஒரு பக்கம். நாய்க்கு வாங்கி ஒன்று மட்டும் கொடுக்க முடிந்த அந்த இரண்டு மாத்திரை இன்னொரு பக்கம். இரண்டையும் கூட்டினால், இன்றைய தேதி வரை, இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து நூற்று இருபது ரூபாய்.